ரிசீவர் கோச் இருக்காரா?

ரகசியமாத்தான் வந்தீங்க சார், யாரு இல்லேன்னா. கறுப்புக் கண்ணாடி, தொப்பி, காலேஜ் பேரு போடாத சட்டை, எல்லாம் சரிதான். ஆனா உங்க ப்ளேன் கெளம்பின நிமிஷமே எங்க ஊரு பெட்ரோல் பங்க் கெர்ரிக்குத் தெரிஞ்சுபோச்சு. ஃபுட்பால் சீசன் முடிஞ்சா அவனுக்கு அதான் பொழப்பு. எந்தக் காலேஜ் ப்ளேன் எங்க எறங்குது, எந்தக் கோச்சைக் கொத்திக்கிட்டுப் போகப்போறாங்கன்னு கம்ப்யூட்டரே கதின்னு ஒக்காந்திருப்பான். நீங்க எறங்கறதுக்குள்ள எனக்கு போன். ரோண்டா, பெரிய எடத்து ப்ளேன் நம்ம சோளக்காட்டுப் பக்கமா வருதே, யாரைத் தேடி வருதுன்னான். டிராக்டர் வாங்க வர்றாங்கன்னு சொல்லிட்டேன். அதனால போறப்ப யாராவது கேட்டா, பாத்தோம், வெல படியலன்னு சொல்லிடுங்க. பச்ச டிராக்டர்னு சொல்லுங்க. செகப்புன்னா அது வேற கம்பெனி, இந்த ஊருல பாதி பேரு மூஞ்சி குடுத்துப் பேசமாட்டாங்க.

அந்த நாற்காலி வேணாம், இதுல ஒக்காருங்க. கோட்டைக் குடுங்க, பனி உருகி சொட்டுது. காப்பி ஊத்தறேன். ரூபார்ப் பை பண்ணியிருக்கேன், கோடையில வெட்டி ஐஸ்ல வச்ச தண்டு, கொஞ்சம் புளிக்கும்.

வெண்டலா? எங்க வீட்டுக்காரரு வெளிய போயிருக்காரு. வருவாரு. நீங்க மொதல்ல சாப்பிடுங்க.

ஆமா, அவரு எங்கெங்க வேல பாத்தாருன்னு பேப்பர்ல அனுப்பியிருப்பாங்க உங்களுக்கு. ஆனா பேப்பர்ல ஊர் பேரும் வருஷமும்தான சார் இருக்கும். அதைப் படிச்சா, மனுஷன் மேல மேல ஏறிக்கிட்டே போன மாதிரி தெரியும். கூட இருந்தவளுக்குத்தான தெரியும், ஏறினது எவ்வளவு, உருண்டது எவ்வளவுன்னு.

அவரும் ரிசீவராத்தான் ஆடினாரு, கையால எறியற பந்த ஓடிப் புடிக்கற ஆளு. அதெல்லாம் கெண்டக்கில. நான் அதே காலேஜ் பேண்டுல பெரிய ட்ரம் தூக்கறவ. ஒரு மேட்ச்ல பந்தத் தொரத்திக்கிட்டு வந்தாரு பாருங்க, அண்ணாந்த மேனிக்கு, கோடு எங்கன்னு பாக்கல, பேண்டு எங்கன்னும் பாக்கல. பந்தப் புடிச்சாரு. புடிச்ச வேகத்துல நேரா என் ட்ரம்முக்குள்ள தல குப்புற விழுந்துட்டாரு. இந்தப் பக்கத் தோல கிழிச்சு அந்தப் பக்கம் தல வந்திருச்சு. கால் ஒடைஞ்சிருச்சு, ஆனா பந்து கையில இருக்கு. நான் குனிஞ்சு பாக்கறேன், என்னப் பாத்து, புடிச்சது செல்லுமாங்கன்னு கேக்கறாரு. செல்லாது சார், கோட்டுக்கு வெளியதான புடிச்சாரு. ஆனா அந்த மூஞ்சியப் பாத்துச் செல்லாதுன்னு சொல்ல எனக்கு மனசு வரல. அதுலேருந்துதான் எல்லாம் ஆரம்பம்.

கால் ஒடைஞ்சு இனி ஆட முடியாதுன்னதும் கோச்சாகறேன்னாரு. எங்கம்மா கேட்டாங்க, மாப்பிள்ள என்ன வேல பாக்கறாருன்னு. ரிசீவர் கோச்னேன். எங்கம்மாவுக்கு ஃபுட்பால் தெரியாது. சாகற வரைக்கும் அவரு டெலிபோன் ரிப்பேர் பண்றவருன்னே நெனச்சிருந்தாங்க. வீட்டு போன் கரகரன்னா அவரைத்தான் கூப்பிடுவாங்க. அவரும் எதுக்கு மறுக்கணும்னு கழட்டிப் பாத்து மாட்டிக் குடுப்பாரு.

மொத வேலையில அவருக்கு பசங்களையே காட்டல சார். ஹெட் கோச்சோட மாமியாரை பிங்கோ ஆடக் கூட்டிட்டுப் போயி கூட்டிட்டு வரணும். அது ஒண்ணுதான் வேல. இவரு அதையும் சிரத்தையாப் பண்ணாரு. அந்தம்மா கை நடுங்கும், சீட்டுல நம்பர் அடிக்கறதுக்குள்ள அடுத்த நம்பர் கூப்பிட்டிருவாங்க. இவரு பக்கத்துல ஒக்காந்து, கையப் பாக்காதீங்க, கண்ணு மொதல்ல போகணும், கை தானா வரும்னு சொல்லிக் குடுத்திருக்காரு. அந்தம்மா ஜெயிக்க ஆரம்பிச்சுட்டாங்க. அப்பறம் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில மாப்பிள்ளகிட்ட, இந்தப் பையனுக்கு ஒழுங்கா ஒரு வேல குடு, இல்லேன்னா நான் உன் வீட்டோட வந்து இருந்திருவேன்னாங்களாம். மறுநாளே டகோட்டாவுல தெரிஞ்சவருக்கு போன் போட்டு இவருக்கு ரிசீவர் கோச் வேல வாங்கிக் குடுத்துட்டாரு.

இன்னும் ஒரு துண்டு வைக்கட்டுமா? அட, இருக்கட்டும், நேரம் இருக்கு.

டகோட்டாவுல என்னன்னா, அந்த ஹெட் கோச் பந்தத் தூக்கி எறியவே விடமாட்டாரு. காத்து அப்படி, எறிஞ்சா பக்கத்து மாநிலத்துலதான் போயி விழும்பாரு. எப்பப் பாத்தாலும் பந்த வயித்துல வச்சு அமுக்கிக்கிட்டு ஓடறதுதான். அப்ப எதுக்கு ரிசீவர் கோச்னு கேக்கறீங்களா? நானும் கேட்டேன். எல்லாக் காலேஜுலயும் ஒருத்தர் இருக்காரு, நமக்கும் இருக்கட்டும்னாராம். இவரு பசங்க பாவம், ஆட்டத்துக்கு ஆட்டம் ஓடுவாங்க, திரும்பிப் பாப்பாங்க, பந்து வராது, திரும்பி வருவாங்க. இவரும் ஒவ்வொருத்தனையும் தட்டிக் குடுத்து, அருமையா ஓடினடா, பந்து வந்திருந்தா நீதான் புடிச்சிருப்பன்னு சொல்லுவாரு. சீசன் கடைசியில, பந்து வச்சிருந்த பையன் என்ன நெனச்சானோ, ஒரே ஒரு தடவ எறிஞ்சுட்டான். நேரா நம்ம பையன் நெஞ்சுக்கு வருது. அவன் ஒதுங்கி வழி விட்டுட்டான் சார். யாருக்கோ போகுதுன்னு நெனச்சானாம்.

எங்க கல்யாணம் அந்த ஊருலதான். மோதிரம் மாத்தி, கேக் வெட்ட வர்றோம், அதுக்குள்ள ஹெட் கோச்சைத் தூக்கிட்டாங்கன்னு சேதி. ஹெட் கோச் போனா அவரு கீழ இருக்கற அத்தன பேரும் போகணுமே. விருந்துக்கு வந்தவங்க முக்காவாசி அந்த கோச்சுங்கதான். ஒரு பய சாப்பிடல. ஆளாளுக்கு ஒரு மூலையில நின்னு போன்ல வேல தேடிக்கிட்டிருக்காங்க. பாட்டுக்காரன் ஆடக் கூப்பிடறான், மேடையில நானும் எங்கப்பாவும்தான் ஆடறோம். மாப்பிள்ளத் தோழனுக்கு கேக் வர்றதுக்குள்ள ஓக்லஹோமாவுல வேல கெடச்சு, வாடகைக் கோட்டோடவே வண்டியேறிப் போயிட்டான். அந்தக் கோட்டு இன்னும் திரும்பி வரல.

அப்பறம்தான் அந்தப் பேர்க் குழப்பம். இது உங்க பேப்பர்ல இருக்காது. அலபாமாவுலேருந்து போன். கெஸ்லரா? ஆமா. நாளைக்கே கெளம்பி வா. இவரு சந்தோஷத்துல வேற எதுவும் கேக்கல. நாங்க வண்டியில சாமானக் கட்டிக்கிட்டுப் போயி நின்னா, அந்த ஹெட் கோச் இவரை மேலயும் கீழயும் பாக்கறாரு. நீ இன்னும் ஒசரமா இருப்பேல்லங்கறாரு. அவரு கூப்பிட நெனச்சது வார்டெல் கெஸ்லர்னு டெக்சாஸ்காரரை. இவரு வெண்டல் கெஸ்லர். என்னடா பண்றதுன்னு பாத்தா, சட்டையெல்லாம் கெஸ்லர்னு தச்சு வந்திருச்சு, கதவுலயும் பேரு எழுதியாச்சு. சரி, பேரு சரியாத்தான இருக்கு, நீயே இருன்னுட்டாரு. இருந்த காலம் பூரா இவரை வார்டெல்னுதான் கூப்பிட்டாரு. இவரும் என்னங்கய்யான்னு போயி நிப்பாரு. நானே ஒண்ணு ரெண்டு தடவ வாய் தவறி வார்டெல்னு கூப்பிட்டிருக்கேன்னா பாத்துக்குங்க. அந்த டெக்சாஸ்காரரு? பாவம், வீட்டுல போனுக்குக் காத்துக்கிட்டே இருந்திருக்காரு. விஷயம் தெரிஞ்சு இவரைக் கூப்பிட்டு வாயில வந்தபடி திட்டினாரு. இவரும் கேட்டுக்கிட்டாரு. இப்ப ரெண்டு பேரும் நல்ல சிநேகம். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து வரும், கெஸ்லருக்குக் கெஸ்லர் எழுதிக்கொண்டதுன்னு.

ஆனா ஒண்ணு சார், ஊரு ஊராத் தொரத்தினாலும் பசங்களக் குத்தம் சொல்லிட்டு வந்ததே இல்ல. உங்களுக்கே தெரியுமே, டிவில ஆடற அந்த மெட்காஃப் பையன். அவன் கை ஓட்டக் கை, பந்து நிக்காதுன்னு வேற யாரும் தொடமாட்டேன்னாங்க. இவருதான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து, இதோ இந்த மாதிரி அடுக்களையில நிக்க வச்சு, முட்டையத் தூக்கிப் போட்டுப் புடிக்க வச்சாரு. வீடு பூரா மஞ்சக் கரு. ஒரு வாரம் நாங்க ஆம்லெட்டே தின்னோம். அவன் சரியாயிட்டான். சரியானதும் பெரிய காலேஜ் ஒண்ணு வந்து கூப்பிட்டுச்சு, மறு சீசனே போயிட்டான். சொல்லிக்காமப் போனான். இவரு டிவியப் பாத்து, அந்தக் கண்ணப் பாரு, மொதல்ல கண்ணு போகுது பாருன்னு சந்தோஷப்படறாரு. எனக்குத்தான் வயிறு எரிஞ்சுச்சு, முட்டை எங்க வீட்டு முட்டைல்ல.

எங்க பொண்ணு கோரினுக்கு ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு மாநிலத்துல விழுந்துச்சு. பள்ளிக்கூடத்துல டீச்சர் நீ எந்த ஊரும்மான்னு கேட்டாங்களாம். இதுக்கு முன்னாடி ஊதாச் சட்டைன்னு சொல்லியிருக்கு. அதுக்கு ஊருன்னா அப்பா சட்டை கலருதான். அந்தச் சட்டையெல்லாம் வேற எங்கயும் போட முடியாதே. அங்க எதிரிக் காலேஜ் கலரான ஆரஞ்சுச் சட்டையப் போட்டுக்கிட்டுக் கடைக்குப் போனாருன்னு அலபாமாவுல ஒரு டோனட் கடைக்காரரு, உங்களுக்கு டோனட் தீந்துபோச்சுங்கன்னாராம், கண்ணாடிக்குள்ள தட்டு நெறைய அடுக்கி வச்சுக்கிட்டு. அதனால எல்லாத்தையும் ராத்திரிப் படுக்கறப்பதான் போட்டுக்குவாரு. தெனமும் நான் வேற வேற காலேஜ்காரனோட படுத்து எந்திரிச்ச மாதிரிதான் சார் குடும்பம் ஓடுச்சு. சிரிங்க, பரவால்ல.

இந்த ஊருக்கு வந்ததும் அந்த மாதிரிதான். இங்கயும் ஹெட் கோச்சைத் தூக்கினாங்க, இவரும் போனாரு. அது பெரிய விஷயமில்ல. ஆனா இந்தத் தடவ கொஞ்சம் வேகமாயிருச்சு. இவரு மளிகைக் கடையில சாமான் வாங்கி வண்டியில வச்சுட்டு, உப்பு மறந்துட்டோமேன்னு உள்ள போயிருக்காரு. திரும்பி வந்தா வண்டி இல்ல. காலேஜ் குடுத்த வண்டி, காலேஜே எடுத்துக்கிடுச்சு. எனக்கு போன் பண்ணலாம்னு பாத்தா, அதுவும் காலேஜ் குடுத்த போன், செத்துக் கெடக்கு. பனியில நடந்தே வீட்டுக்கு வந்தாரு, உப்பு டப்பாவோட. வண்டிய எடுத்துட்டுப் போன ஆளு நல்ல மனுஷன், சாயங்காலம் ஐஸ்கிரீம மட்டும் கொண்டாந்து குடுத்துட்டு மன்னிச்சுக்குங்கம்மான்னு சொல்லிட்டுப் போனாரு. உருகாம இருந்துச்சு.

அதுலேருந்து வேலைக்குக் கூப்பிடறவங்க இந்த வீட்டு போனுக்குத்தான் கூப்பிடணும். அதோ செவத்துல மாட்டியிருக்கே, அதுதான். அதுக்குக் கீழ நாற்காலியப் போட்டு ஒக்காந்தாரு சார். பிரசவ வார்டு வாசல்ல ஒக்காந்த மாதிரி. சாப்பாடு எறங்கல. அது மணியடிச்சா எந்திரிக்கற வேகத்துல நாற்காலி பின்னால போயி விழும். எடுத்தா பல் ஆஸ்பத்திரியா இருக்கும், கோரினை நாளைக்கு வரச் சொல்லி.

எனக்குப் பாக்கப் பொறுக்கல. நான் முதியோர் இல்லத்துல சமையலுக்குப் போறேன்ல, அங்க மத்தியானம் பெரியவங்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக் குடுக்கற பொண்ணு இடுப்ப ஒடிச்சுக்கிட்டா. ஒரு வாரத்துக்கு வந்து பலூனத் தூக்கிப் போட்டுட்டு வாங்கன்னு இவரை இழுத்துட்டுப் போனேன். ஒரு வாரந்தான்னு சொல்லித்தான் வந்தாரு.

மொத நாளு பலூனப் போட்டாரு. ரெண்டாம் நாளு ஸ்பாஞ்ச்ல ஒரு ஃபுட்பால் கொண்டாந்தாரு. அப்பறம் பாத்தா, சக்கர நாற்காலிய எப்படித் திருப்பணும், எங்க சட்டுன்னு தெச மாத்தி ஓட்டணும்னு தரையில டேப் ஒட்டி வச்சிருக்காரு. மிஸஸ் ஹால்வர்சன்னு ஒரு அம்மா, தொண்ணூத்தொண்ணு வயசு, சும்மாக் கூப்பிட்டாத் திரும்பிக்கூடப் பாக்காது. அது இப்ப ஒத்தக் கையில புடிக்குது சார். மூக்குல ஆக்சிஜன் ட்யூப், ஒரு கையில சக்கரம், மறு கையில பந்து. இவரு அதை வீடியோ புடிச்சு மறுநாள் செவத்துல போட்டுக் காட்டி, மேடம், இங்க பாருங்க, உங்க கண்ணு பந்து வர்றதுக்கு முன்னாடியே காப்பிப் பக்கம் போயிருச்சுங்கறாரு. அந்தம்மா, அன்னிக்குக் காப்பி சூடா இருந்துச்சு கோச், அதான்னு பதில் சொல்லுது. கோச்னு கூப்பிடுதுங்க. வார்டெல்னு ஒருத்தரும் கூப்பிடறதில்ல.

ஆத்துக்கு அந்தாண்ட லூத்தரன் சர்ச் நடத்தற முதியோர் இல்லத்துக்காரங்களுக்குப் பொறாம வந்து அவங்களும் ஒரு டீம் கட்டிட்டாங்க. இப்ப மேட்ச் நடந்தா ஊரே போயி நிக்குது.

இதுல இன்னொண்ணு என்னன்னா, இந்த ரிசீவர்ங்க எவரும் பெரிய காலேஜ் கூப்பிடுதுன்னு போகமாட்டாங்க. போனா ஒரே எடத்துக்குத்தான் போவாங்க. ஹார்வின்னு ஒருத்தரு போன மாசம் போனாரு. போறதுக்கு முன்னாடி இவரு கையப் புடிச்சுக்கிட்டு, இந்த வாரம் ஆட முடியாது கோச், என் எடத்துல பக்கத்துக் கட்டில் ஏர்லைப் போட்டுக்குங்கன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. வெண்டல் வீட்டுக்கு வந்து அப்படி அழுதாரு. அத்தன பசங்க போனப்பல்லாம் அழாத மனுஷன். எனக்குப் புரிஞ்சுச்சு. இவருகிட்ட சொல்லிட்டுப் போன மொத ஆளு அவருதான்.

இப்ப ராத்திரி தூங்கறாரு. சாப்பிடறாரு. கோரின் ரெண்டு வருஷமா ஒரே பள்ளிக்கூடம். போன வாரம் யாரோ ஊருக்குப் புதுசா வந்தவங்களுக்கு அதுவே வழி சொல்லிச்சு. இடது பக்கம் போயி, பழைய பேக்கரி இருந்த எடத்துல திரும்புங்கன்னு. பழைய பேக்கரி எங்க இருந்துச்சுன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு சார். நான் கார் கண்ணாடியத் தொடைக்கற மாதிரித் திரும்பி நின்னுக்கிட்டேன்.

மணியப் பாக்கறீங்க. ஆமா, ப்ளேன் காத்திருக்கும்.

சேதி சொல்லி வச்சிருந்தீங்களா? நீங்க சொன்னீங்க, நான்தான சொல்லல. அவருக்கு நீங்க வர்றதே தெரியாது. ஒரு வருஷமா நாலஞ்சு போன் வந்துச்சு. எல்லாத்தையும் நான்தான் எடுத்தேன். ரிசீவர் கோச் இருக்காரான்னு கேப்பாங்க. ஒருத்தருகிட்ட வேற காலேஜுல சேந்துட்டாருன்னேன். ஒருத்தருகிட்ட அலாஸ்காவுக்கு மீன் புடிக்கப் போயிட்டாரு, வர்ற உத்தேசம் இல்லேன்னேன். சரிங்கம்மான்னு வச்சுட்டாங்க, மேல ஒரு கேள்வி கேக்கல. சாயங்காலம் வந்து, போன் எதுனா வந்துச்சான்னு கேப்பாரு. பல் ஆஸ்பத்திரிதான்னு சொல்லிடுவேன். இப்பல்லாம் கேக்கறதும் இல்ல. நீங்க ஒருத்தர்தான் நம்பாம, நேர்லயே வர்றேன்னு நின்னீங்க. அதான் லூத்தரன்காரங்களோட மேட்ச் இருக்கற நாளாப் பாத்து வரச் சொன்னேன். அவரு மத்தியானம் வரைக்கும் வீட்டுப் பக்கம் வரமாட்டாரு. இவ்வளவும் எதுக்குச் சொல்றேன்னா, நீங்க வாயத் தொறந்து கேட்டீங்கன்னா, நீங்க முடிக்கறதுக்கு முன்னாடி அவரு சரின்னுடுவாரு. அவரு அப்படித்தான். அதனால கேக்காமப் போயிடுங்க சார். ஒரு ரிசீவர் கோச்சு உங்களுக்கு எங்க வேணாலும் கெடைப்பாரு.

என்னது?

ரிசீவர் கோச் இல்லையா? ஹெட் கோச்சா?

நீங்க போன்ல அதைச் சொல்லலயே. மெட்காஃப் சொன்னானா. அவனா சொன்னான், கெஸ்லரைக் கூப்பிடுங்கன்னு?

இருங்க. கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன்.

சின்ன வேலைன்னா மறைக்கலாம் சார், அது நான் பண்ணினேன், இன்னும் நூறு தடவ பண்ணுவேன். இதை மறைச்சா அப்பறம் அவரு பக்கத்துல நான் எப்படிப் படுக்கறது. அவரு இதுக்காகத்தான அந்தப் பொம்பளைய பிங்கோவுக்குக் கூட்டிட்டுப் போனாரு. நகருங்க, போன எடுத்துக்கறேன்.

ஹலோ, முதியோர் இல்லமா? மார்லீனா? ரோண்டா பேசறேன். வெண்டலக் கூப்பிடு. தெரியும், மேட்ச்தான், பரவால்ல. இங்க வீட்டுல ஒரு காலேஜ்லேருந்து பெரியவரு வந்து ஒக்காந்திருக்காரு, ஹெட் கோச் வேல தர்றாங்கன்னு சொல்லு. ஆமா, ஹெட் கோச். அப்படியே சொல்லு. நான் மறைச்சு வச்சிருந்தேன்னும் சொல்லு. சத்தமாவே சொல்லு, நாலு பேருக்குக் கேட்டாலும் கேக்கட்டும்.

போயிருக்கா சார். கூட்டம் கத்தறது இங்க வரைக்கும் கேக்குது.

சொல்லு மார்லீன். வரமுடியாதுங்கறாரா? ஹெட் கோச்சுன்னு சொன்னியா? ரெண்டு தடவ சொன்னியா. என்ன சொன்னாரு? அப்படியா. நான் மறைச்சதுக்கு? அதுக்கு ஒண்ணும் சொல்லலயா. சிரிச்சாரா. சரி, கேட்டுச் சொல்றேன், இரு.

ஆட்டம் சமமா நிக்குதாம் சார், பாதியில விட்டுட்டு வரமுடியாதாம். மிஸஸ் ஹால்வர்சனுக்கு இப்பத்தான் பந்து போகப்போகுதாம். ரெஃபரியா வர வேண்டிய பாதிரியாரு காய்ச்சல்ல படுத்துட்டாராம், ஒரே சண்டையா இருக்காம். அதனால வந்திருக்கறவரு சும்மாத்தான ஒக்காந்திருக்காரு, உடனே கூட்டிட்டு வாங்கறாரு.

விசில் ஊத வருமா சார் உங்களுக்கு?